தொண்ணூறு காய்களும் நோராவும்

லிங்கராஜபுரத்தில் நோராவைப் பார்க்காதவர்கள் இருக்கலாம். நோராவின் குரலைக் கேட்காதவர்கள் இருக்க வாய்ப்பே இல்லை. மிஷன் டிஸ்பென்சரி ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் அட்டெண்டராக இருந்தவள். மருந்து எழுதுவது டாக்டர் வேலை, ஊசி போடுவது நர்ஸ் வேலை. வராந்தாவில் இடித்துக்கொண்டு நிற்கும் இருநூறு பேரை டோக்கன் நம்பர் சொல்லி ஒவ்வொருவராக உள்ளே அனுப்புவது நோராவின் வேலை. தமிழில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை, அப்படியும் அசையாதவர்களுக்கு உருதுவில் ஒரு தடவை. மைக் கிடையாது. தொண்டைதான்.

1991-ல் ஐம்பத்தெட்டு வயதில் மாலை போட்டு, கேக் வெட்டி, குத்துவிளக்கு ஒன்றைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை போனதும், அதுவரை வரிசையில் காத்திருந்த நோய்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. முதலில் சர்க்கரை, அப்புறம் பிரஷர், அப்புறம் வலது முழங்கால். டோக்கன் கொடுக்காமலே வந்துவிட்டன என்று நோரா சொல்வாள். காலையில் எழுந்ததும் ஒரு மாத்திரை, ராகிக் கஞ்சிக்குப் பிறகு இரண்டு, கார்ப்பரேஷன் தண்ணீர் பிடித்து முடித்ததும் முழங்காலுக்குத் தைலம். இதற்கெல்லாம் அவள் அழுததாக யாரும் பார்த்ததில்லை. வருஷத்தில் ஒரு நாள் அவளுக்கு இருந்தது. அந்த ஒரு நாளுக்காக மற்ற நாட்களின் தைல நாற்றத்தை அவள் பொறுத்துக்கொண்டாள்.

அது அக்டோபர் மாதம் மாதா கோயிலில் நடக்கும் பங்குத் திருநாள். காலைப் பூசை முடிந்து, கோயில் வளாகத்தில் எல்லாரும் பிரியாணி சாப்பிட்டபின், பந்தலின் கீழே ஹவுஸி நடக்கும். விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: ஒவ்வொருவர் கையிலும் பதினைந்து எண்கள் அச்சடித்த ஒரு சீட்டு. ஒரு பையில் ஒன்றிலிருந்து தொண்ணூறு வரை காய்கள். கூப்பிடுகிறவர் பையில் கைவிட்டு ஒரு காயை எடுத்து, எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். தன் சீட்டில் அந்த எண் இருந்தால் பேனாவால் அடித்துக்கொள்ளலாம். முதல் ஐந்து எண் அடித்தவருக்கு 'ஜல்தி ஃபைவ்' பரிசு, பதினைந்தையும் முதலில் அடித்தவருக்கு 'ஃபுல் ஹவுஸ்'. முந்திரிக்கொட்டையாகத் தப்பாகக் கத்திவிட்டால் 'போகி'. பந்தல் முழுக்கச் சிரிக்கும், அவர் சீட்டு அத்தோடு கிழியும்.

கூப்பிடுகிறவள் நோரா. அறுபதுகளின் கடைசியிலிருந்து அவள்தான். காய்களைச் செய்தவர் அவள் கணவர் ஆம்ப்ரோஸ். டெலிபோன் ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்தார். உருண்டை மரக்கம்பை வட்டு வட்டாக அறுத்து, உப்புத்தாள் போட்டு இழைத்து, தொண்ணூறு எண்களையும் சிவப்புப் பெயின்டில் எழுதினார். ஆறும் ஒன்பதும் தலைகீழாகக் குழம்பிவிடும் என்று அவை வரும் காய்களில் எல்லாம் எண்ணுக்குக் கீழே ஒரு கோடு போட்டார். பையை நோரா தைத்தாள், அவருடைய பழைய காக்கி பேன்ட்டின் ஒரு காலை வெட்டி.

வெறும் எண்ணைச் சொல்லிவிட்டுப் போக நோராவுக்கு வாய் வராது. டிஸ்பென்சரியில் வருஷம் பூராவும் அதைத்தானே சொல்கிறாள். அதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் ஒரு வரி வைத்திருந்தாள், எல்லாம் சொந்த வீட்டுச் சரக்கு. "ஒத்தப் புள்ள டீனா, ஒண்ணு!" என்பாள். "நோரா சேல கட்டுன கல்யாண வயசு, பத்தொம்போது!" "கேக்கு வெட்டி வீட்டுக்கு அனுப்புனாங்க, அம்பத்தெட்டு!" அவள் அப்பா பட்டாள மெஸ்ஸில் சமையல்காரர், நெய்யும் கறியுமாகத் தின்று தொண்ணூறு வயது வாழ்ந்தவர்; பையின் கடைசி எண் அவருக்கு. மாமியாருக்கு நாற்பது. கல்யாணமான புதிதில் நோரா குழம்பில் உப்பைக் கொட்டிவிட்டாள் என்று நாற்பது நாள் தவக்காலம் முழுவதும் அந்த அம்மா அவளோடு பேசவில்லை. "மாமியார் பேசாம இருந்த நாளு, நாப்பது!" என்று நோரா முதல் தடவை மைக்கில் சொன்னபோது, மாமியார் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். அடுத்த நாற்பது நாளும் பேசவில்லை.

அறுபத்து மூன்றுதான் எல்லாரும் காத்திருக்கும் எண். 1963-ல் ஆம்ப்ரோஸ் ஒரு பச்சை நிற சைக்கிள் வாங்கினார். அதற்கு எண்ணெய் போடுவதும் துடைப்பதுமாக அவர் செய்த கூத்தைப் பார்த்து, பெற்ற பெண்ணுக்குக்கூட அவ்வளவு பணிவிடை செய்ததில்லை என்று நோரா கோபித்துக்கொண்டது உண்டு. திருநாள் அன்று சைக்கிளைப் பந்தல் காலில் சாய்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்காருவார். "ஆம்ப்ரோஸ் வாங்குன சைக்கிளு, அறுபத்து மூணு!" என்று நோரா சொன்னதும் பந்தல் மூலையிலிருந்து மணி அடிக்கும், ட்ரிங் ட்ரிங். குழந்தைகள் கைதட்டும். மேடையில் நிற்கும் நோரா, "போதும் நிறுத்துங்க, அடுத்த காய் எடுக்கணும்" என்று திட்டுவாள். வருஷா வருஷம் இதே நாடகம்.

1993 ஜூலையில் ஆம்ப்ரோஸ் மாரடைப்பில் போய்விட்டார். வயது அறுபத்து மூன்று. அந்த வருஷம் நோரா திருநாளுக்குப் போகவில்லை. பங்குக் கமிட்டியில் புதிதாகச் சேர்ந்த க்ளென் என்ற பையன் மாதிரியான இளைஞன், "நான் பாத்துக்கறேன்" என்று மைக்கைப் பிடித்தான். ஆம்ப்ரோஸ் போட்ட கோட்டைக் கவனிக்காமல் ஆறைத் தலைகீழாகப் பிடித்து ஒன்பது என்று கூப்பிட்டான். ஒன்பது வைத்திருந்தவர்களும் ஆறு வைத்திருந்தவர்களுமாக இரண்டு வீட்டார் ஃபுல் ஹவுஸ் கேட்டு வந்து நின்றார்கள். பிரஷர் குக்கர் பரிசு. இழுபறியில் குக்கர் ஒரு வீட்டுக்கும் மூடி இன்னொரு வீட்டுக்கும் போயிற்று. இன்றைக்கும் அந்த இரண்டு வீட்டாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

மறுவருஷம் ஃபாதரே வீட்டுக்கு வந்து கூப்பிட்டார். நோரா போனாள். வந்த எண்களை எல்லாம் பழைய வரிகளோடு சொன்னாள். சைக்கிள் காய் வந்தபோது மட்டும் "அறுபத்து மூணு" என்று வெறுமே சொல்லிவிட்டு அடுத்ததற்குக் கைவிட்டாள். பிறகு ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான்.

2001 மார்ச் மாதம் ஒரு காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தவளின் வலது கையிலிருந்து டம்ளர் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவளால் கையை மூட முடியவில்லை. மகள் டீனாவைக் கூப்பிட வாயைத் திறந்தாள்; வந்தது வார்த்தை இல்லை. டீனா ஃப்ரேசர் டவுன் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர், வயது நாற்பது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது வேறு கதை, கேட்டால் அம்மாவும் மகளும் சேர்ந்து முறைப்பார்கள். அன்றைக்குப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆட்டோவை மறித்து, அம்மாவை அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாள்.

லேசான ஸ்ட்ரோக், சீக்கிரம் கொண்டுவந்தீர்கள், அதிர்ஷ்டம் என்றார்கள். இரண்டு மாதத்தில் நடை வந்தது, கோணின வாய் நேரானது, பேச்சும் பெரும்பாலும் திரும்பியது. திட்டுவதற்குத் தேவையான அளவு வார்த்தைகள் முதலிலேயே வந்துவிட்டன. எண்கள் மட்டும் வரவில்லை. காலண்டரில் பன்னிரண்டு என்று கண்ணுக்குத் தெரியும். வாய் எழுபது என்னும். அது தப்பு என்றும் காதுக்குத் தெரியும். திரும்பச் சொன்னால் முப்பத்தைந்து என்னும். சொந்த வீட்டு நம்பரை ஆட்டோக்காரரிடம் சொல்ல முடியவில்லை. முப்பத்திரண்டு வருஷம் நம்பர் கூவிப் பிழைத்தவள், அன்று ஆட்டோவுக்குள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். டீனா பார்த்து முதன்முதலாக அம்மா அழுதது அதுதான்.

ஜூன் மாதம் பிரஷர் பார்க்கப் பழைய டிஸ்பென்சரிக்கே போனார்கள். அதே வராந்தா, அதே பெஞ்சு. கூப்பிடுவதற்கு ஒரு புது ஆள், வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நோராவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"மம்மி, நம்ம டோக்கன் என்ன நம்பர்?" என்றாள் டீனா. வேண்டுமென்றேதான் கேட்டாள்; டாக்டர் அப்படிப் பழக்கச் சொல்லியிருந்தார்.

நோரா கையிலிருந்த தகரத் துண்டைப் பார்த்தாள். நான்கு, பக்கத்தில் பூஜ்யம். அதைப் பார்த்ததும் என்ன எண் என்று அவள் யோசிக்கவே இல்லை. மாமியாரின் உம்மென்ற முகம்தான் முன்னால் வந்து நின்றது.

"மாமியார் பேசாம இருந்த நாளு, நாப்பது!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. புது அட்டெண்டர் பயந்துபோய் எழுந்து நின்றுவிட்டார். டீனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

உள்ளே டாக்டர் வீணாவுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருந்தது. "நோராம்மா, இது ஒள்ளே சைன், நல்ல சைன்," என்றார் அவர். மைசூர்க்காரர், தமிழைக் கன்னடத்தோடு கலந்துதான் பேசுவார். "புதுசா யோசிச்சு சொல்ற நம்பர் கஷ்ட. ஆனா வருஷக்கணக்கா சொல்லிச் சொல்லி பாட்டு மாதிரி ஆயிட்ட வார்த்தை வேற ஜாகால பத்திரமா இருக்கும். அந்த வழியா போங்க."

அந்த வழியாகத்தான் நோரா போனாள். வீட்டுக்கு வந்ததும் அலமாரி மேலிருந்து காக்கிப் பையை இறக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டுச் சரசு கூட்டுச் சேர்ந்துகொண்டாள். சரசுவின் கணவர் நாராயணசாமி கார்ப்பரேஷனில் வால்வு திறப்பவர். தெருவுக்கே தண்ணீர் விடுகிற மனிதரின் மனைவி என்பதால் சரசுவுக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு. எல்லையம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறவள், மாதா கோயில் ஹவுஸிக்கும் இருபது வருஷமாகத் தவறாமல் வருவாள். ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. ஏழெட்டுத் தடவை போகி வாங்கியிருக்கிறாள்.

தினமும் காலை பதினோரு மணிக்குச் சரசு காயை எடுத்துக் காட்டுவாள், நோரா சொல்வாள். வலது கையில் ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டே சொல்வாள்.

"நானும் சரசும் நடந்து வர்றோம், எண்பத்தெட்டு!"

"இதுக்கு நான் எத்தன தடவ கோச்சிக்கினு போயிருக்கேன் தெரியுமாக்கா?" என்பாள் சரசு, எட்டு போலப் பருத்த தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டு.

வரியைப் பிடித்தால் எண் பின்னாலேயே வந்தது. கல்யாணச் சேலையைச் சொன்னால் பத்தொன்பது. அப்பாவின் நெய்க்கையைச் சொன்னால் தொண்ணூறு. முதலில் சில வரிகள் மறந்திருந்தன. ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள். ஜூலை முடிவில் ஐம்பது காய், ஆகஸ்ட் முடிவில் எண்பது, செப்டம்பரில் எண்பத்தொன்பது. தெருவில் போகிறவர்கள் ஜன்னலுக்குக் கீழே நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரு காய் மட்டும் வரவில்லை. ஏழு திருநாளாக வரி இல்லாமல் மொட்டையாகச் சொன்ன எண் அது ஒன்றுதான். சரசு அதைக் காட்டும்போதெல்லாம் நோராவின் வாய் நாற்பத்தொன்று என்றது, ஆறு என்றது, ஒரு நாள் வெள்ளிக்கிழமை என்றது.

"சைக்கிளு வரிய சொல்லிப் பாருங்கக்கா."

"வேணாம்."

"அப்ப எங்க சாமிங்க இருக்காங்க, அறுபத்து மூவர். தேர்ல வருவாங்களே. அத்த சொல்லுங்க."

நோரா இரண்டு நாள் முயற்சி செய்தாள். "உங்க சாமிங்க ரொம்ப நல்லவங்க சரசு. ஆனா எங்கூட்ல சாப்ட்டவங்க இல்லியே. நாக்குல நிக்க மாட்டேங்கறாங்க."

சரசு காயைக் கையில் வைத்து உருட்டினாள். குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு செய்யலாம். இந்த ஒரு காய எடுத்து அரிசி டப்பால போட்டுடறேன். தொண்ணூறுல ஒண்ணு இல்லன்னா யாருக்குத் தெரியப் போவுது?"

நோரா பிசைந்துகொண்டிருந்த பந்தை நிறுத்தினாள். "ஏய், உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? எவளோ ஒருத்தி மத்ததெல்லாம் அடிச்சிட்டு இந்தக் காய்க்காக வாயத் தொறந்துக்கினு ஒக்காந்திருப்பா. வரவே வராத காய்க்கு அவ காத்துக்கினு இருக்கணுமா? போடு பைக்குள்ள!"

சரசு போட்டாள்.

செப்டம்பர் கடைசியில் க்ளென் வந்தான். இப்போது பங்குக் கமிட்டியின் செயலாளர், கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலை, காதோரம் நரை. சோபா நுனியில் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தான்.

"நோரா ஆன்ட்டி, இந்த வருஷம் நீங்க ரெஸ்ட் எடுங்க. நான் ஆபீஸ்லருந்து கம்ப்யூட்டர் கொண்டாறேன். அதே நம்பர் எடுத்துக் குடுத்துடும். பெரிய ஸ்க்ரீன்ல காட்டிடலாம்."

"உன் கம்ப்யூட்டருக்கு மாமியார் இருக்காளாடா?"

"ஆன்ட்டி, ஒரு நம்பர் தப்பாப் போச்சுன்னா..." என்று இழுத்தான். குக்கரும் மூடியும் அவன் கண்ணில் தெரிந்தன.

"பைய எடு," என்றாள் நோரா.

க்ளென் இருபது காய் எடுத்தான். நோரா இருபதையும் சொன்னாள், ஜன்னல் கண்ணாடி அதிரச் சொன்னாள். சைக்கிள் காய் அந்த இருபதில் வரவில்லை. க்ளென் முகம் மலர்ந்து, "ஃபாதர்கிட்ட சொல்லிடறேன் ஆன்ட்டி" என்று எழுந்து போனான்.

டீனாவின் முகம் மலரவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் நின்றாள். "அறுபத்து மூணு வந்தா என்ன செய்வீங்க மம்மி?"

"வராமயும் இருக்கலாம்."

"நான் கணக்கு டீச்சர். ஃபுல் ஹவுஸ் விழறதுக்குள்ள எழுபது, எண்பது காய் வெளிய வந்துடும். நானூறு பேர் முன்னாடி நீங்க வெள்ளிக்கெழமைன்னு சொல்லணுமா? அவங்க சிரிக்கணுமா? என்னால பாக்க முடியாது." டீனாவின் குரல் உடைந்தது. ஆறு மாதமாக அம்மாவைக் குளிப்பாட்டி, ரவிக்கைக் கொக்கி மாட்டி, மாத்திரை பிரித்துக் கொடுத்தவள். அவளுக்குக் கோபப்பட எல்லா உரிமையும் உண்டு.

நோராவுக்கும் பயம்தான். ஆனால் அக்டோபரில் அந்த மேடையில் நிற்காவிட்டால் மிச்சமுள்ள நாளெல்லாம் மாத்திரைப் பட்டையும் தைலமும் மட்டும்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "நான் போவேன்" என்று மட்டும் சொன்னாள்.

கடைசியில் ஓர் உடன்பாடு. டீனா மேடையில் பக்கத்திலேயே உட்காருவாள். அம்மா ஓர் எண்ணில் நின்றுவிட்டால் மைக்கை டீனா வாங்கிக்கொள்வாள். "ஆனா ஒரு வாட்டி நான் மைக்க வாங்கினா அதோட சரி மம்மி. அடுத்த வருஷம்ன்ற பேச்சே வரக்கூடாது." நோரா தலையாட்டினாள்.

திருநாளன்று காலையில் தூறல் விட்டுவிட்டுப் போட்டது. பிரியாணி நேரத்தில் வெயில் வந்தது. நோரா மாம்பழ நிறப் பட்டுப் புடவை கட்டியிருந்தாள். கொசுவத்தைச் சரசு மடித்துவிட்டாள். மேடைப் படிகள் மூன்றும் அவளுக்கு மூன்று மாடி. கைத்தடியை ஊன்றி, டீனாவின் தோளைப் பிடிக்காமல் ஏறினாள். பந்தலில் பேச்சுச் சத்தம் அடங்கியது. ஸ்ட்ரோக் வந்த விஷயம் எல்லாருக்கும் தெரியும். பாவம் பார்க்கிற மௌனம் அது, நோராவுக்குப் பிடிக்கவில்லை.

இடது கையைப் பைக்குள் விட்டு முதல் காயை எடுத்தாள்.

"மாமியார் பேசாம இருந்த நாளு, நாப்பது!"

பந்தல் முழுக்க ஓவென்று கத்தியது. யாரோ விசில் அடித்தார்கள். ஃபாதர் சீட்டைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார்.

அதற்கப்புறம் நோராவைப் பிடிக்க முடியவில்லை. அப்பா வந்தார், கல்யாணச் சேலை வந்தது, கேக் வெட்டினார்கள், ஒத்தைப் பிள்ளை வந்தபோது டீனா வெட்கப்பட்டாள். க்ளென் கரும்பலகையில் எழுதி எழுதிச் சாக்பீஸ் தேய்ந்தது. ஜல்தி ஃபைவ் போனது. சீட்டின் மூன்று வரிசைகளுக்கான பரிசுகளும் போயின. பிரஷர் குக்கர் மட்டும் மேஜைமேல் பளபளத்தது, மூடியைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். பந்தலில் இப்போது மூச்சுச் சத்தம்தான். எழுபத்தைந்து காய் வெளியே வந்தாகிவிட்டது.

எழுபத்தாறாவது காயை எடுத்தாள். முதலில் கட்டைவிரலுக்குத்தான் தெரிந்தது, எண்ணுக்குக் கீழே தடிப்பாக ஒரு பெயின்ட் கோடு. திருப்பிப் பார்த்தாள். ஆறு. பக்கத்தில் மூன்று.

நானூறு முகங்கள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. வாய்க்குள் நாற்பத்தொன்று முட்டியது. பல்லைக் கடித்து உள்ளே தள்ளினாள். வெள்ளிக்கிழமை வந்தது. அதையும் விழுங்கினாள். நேரம் போயிற்று. முன்வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருப்பவளிடம் என்னவோ கிசுகிசுத்தாள். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. டீனா எழுந்து மைக்குக்குக் கை நீட்டினாள்.

நோரா மகளைப் பார்த்தாள். ஆம்ப்ரோஸின் மோவாய், ஆம்ப்ரோஸின் அகன்ற நெற்றி. எண்ணெய்க் கறையோடு சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்து, இவள் எப்போது சொல்வாள் என்று ஒரு விரலை மணிமேல் வைத்துக் காத்திருந்த மனிதர். எட்டு வருஷமாக அவரைக் காக்க வைத்துவிட்டேனே என்று நினைத்தாள். மணி அடிக்க ஆள் இல்லை என்றுதானே அந்த வரியை மூட்டை கட்டி வைத்தோம்? ஆள் இல்லாவிட்டால் என்ன, சைக்கிள் பொய்யாகிவிடுமா? அவர் அதை வாங்கினார், பச்சை நிறம், அவர் மகளை அதில் முன்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனார். அது நடந்தது.

கைத்தடியைத் தூக்கி டீனாவின் கையைத் தடுத்தாள்.

"ஆம்ப்ரோஸ்..." எச்சிலை விழுங்கினாள். டிஸ்பென்சரி வராந்தாவின் கடைக்கோடிக்குக் கேட்கிற குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்தாள்.

"ஆம்ப்ரோஸ் வாங்குன சைக்கிளு, அறுபத்து மூணு!"

பந்தலின் வலது மூலையில், முன்பு சைக்கிள் நிற்குமே அந்த மூலையில், ஒரு கிழவர் வாயாலேயே "ட்ரிங் ட்ரிங்!" என்றார். பக்கத்திலிருந்தவரும் "ட்ரிங் ட்ரிங்!" என்றார். அடுத்த வரிசை பிடித்துக்கொண்டது. ஆம்ப்ரோஸைப் பார்த்தே இராத சின்னப் பிள்ளைகளும் காரணம் தெரியாமல் கத்தின. நானூறு பேரும் சைக்கிள் மணியானார்கள். டீனா மைக்கை வாங்க வந்ததை மறந்து, நின்ற இடத்திலேயே அழுதுகொண்டே "ட்ரிங் ட்ரிங்" என்றாள்.

"போதும் நிறுத்துங்க!" என்று நோரா அதட்டினாள். "அடுத்த காய் எடுக்கணும்!"

எடுக்க வேண்டியிருக்கவில்லை. அத்தனை சத்தத்துக்கு மேலே, பின்வரிசையிலிருந்து ஒரு அலறல் வந்தது.

"ஹவுஸ்! அக்கா, ஹவுஸ்! ஃபுல் ஹவுஸ்!"

சரசு. செருப்பை விட்டுவிட்டு, சீட்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, நாற்காலிகளை இடித்துத் தள்ளியபடி ஓடி வந்தாள். எல்லாரும் வழக்கம்போல "போகி! போகி!" என்று கத்தினார்கள். க்ளென் சீட்டை வாங்கிக் கரும்பலகையோடு ஒவ்வொரு எண்ணாக ஒத்துப் பார்த்தான். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தான். பதினைந்தும் சரி. கடைசியாக அடித்த எண் அறுபத்து மூன்று.

சரசு மேடை ஓரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். நோராவை அண்ணாந்து பார்த்தாள். அரிசி டப்பாவைப் பற்றி இருவரும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை, அங்கே நானூறு பேர் இருந்தார்கள். சரசு மட்டும் தன் கன்னத்தில் தானே லேசாகப் போட்டுக்கொண்டாள்.

நோரா மைக்கை வாயருகே கொண்டுபோனாள். "இத்தன வருஷமா போகி வாங்குன சரசு, ஃபுல் ஹவுஸ்!" என்றாள். பந்தல் மறுபடியும் அதிர்ந்தது. க்ளென் குக்கரையும் மூடியையும் சேர்த்தே தூக்கிச் சரசுவின் கையில் கொடுத்தான்.

காய்களை எல்லாம் பைக்குள் போட்டு முடிச்சுப் போடும்போது டீனா பக்கத்தில் வந்து குனிந்தாள். "பைய நான் எடுத்துட்டு வரட்டா மம்மி?"

"பைய எடு, பரவால்ல," என்றாள் நோரா, மைக்கை இறுகப் பிடித்தபடி. "இத மட்டும் கேக்காத. அடுத்த வருஷமும் வேணும்."